சோலார் போடலாமா, எத்தனை கிலோவாட்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கொஞ்ச நாளாக வருகிற கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டு மாடியில் சோலார் போடுவது பற்றியும், அதற்கு அரசு தரும் மானியம் பற்றியும்தான். அதனால் இந்த முறை வேறு எதையும் எடுக்கவில்லை. எல்லோருக்கும் பொதுவான கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், ஆக மொத்தம் 78,000 ரூபாய். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் இதே 78,000தான். வீட்டு மின் இணைப்புக்கு மட்டும்தான் இது. பணம் முன்கூட்டி வராது. பேனல் மாட்டி, நெட் மீட்டர் (நீங்கள் மின்வாரியத்திடம் வாங்கும் கரண்டையும் அவர்களுக்குக் கொடுக்கும் கரண்டையும் கழித்துக் கணக்குப் பார்க்கும் மீட்டர்) வைத்து, அதிகாரிகள் பார்த்துச் சான்று கொடுத்த பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக வரும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். பெருமாள்புரத்தில் சொந்த வீடு. இரண்டு மாதத்துக்கு 640 யூனிட் ஓடுகிறது. ஒரு கம்பெனிக்காரர் வந்து, மானியம் முழுசாகக் கிடைக்க வேண்டுமென்றால் 5 கிலோவாட் போடுங்கள் என்கிறார். மகன் 3 போதும் என்கிறான். எது சரி?
*வாசகர், பாளையங்கோட்டை*

பதில்: இரண்டுமே வேண்டாம் சார், உங்களுக்கு 2 போதும். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

2024 ஜூலையில் வந்த கட்டணப்படி பார்ப்போம். 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு முதல் 100 இலவசம், அடுத்த 300 யூனிட்டுக்கு 4.70, அதற்கடுத்த நூறுக்கு 6.30, அதற்கடுத்த நூறுக்கு 8.40, 600க்கு மேல் 800 வரை 9.45 ரூபாய். உங்கள் 640 யூனிட்டுக்கு 3,258 ரூபாய் வரும். நம்ம பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவாட், வருடம் முழுக்கச் சராசரி எடுத்தால், ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும் என்று நம்பலாம். அப்படியானால் 2 கிலோவாட், இரண்டு மாதத்தில் சுமார் 480 யூனிட். மிச்சம் நீங்கள் வாரியத்திடம் வாங்குவது 160 யூனிட்தான். அதில் 100 இலவசம், 60 யூனிட்டுக்கு 2.35 வீதம் 141 ரூபாய். வாரியத்தின் மற்ற சின்னக் கட்டணங்கள் ஏதும் இருந்தால் அது தனி.

இப்போது மூன்றாவது கிலோவாட்டைப் பாருங்கள். அதைப் போடுவதால் உங்களுக்கு மிச்சமாவது அந்த 141 ரூபாய் மட்டும்தான். அதற்காக அறுபது எழுபதாயிரம் போட்டு 18,000 மானியம் வாங்குவதில் என்ன இருக்கிறது? நான்காவது ஐந்தாவது கிலோவாட்டுக்கு மானியமே கிடையாது, உங்கள் வீட்டில் அந்தக் கரண்டுக்கு வேலையும் கிடையாது. முழு மானியம் வாங்க 5 வேண்டும் என்று அவர் சொன்னது தவறு, 3 கிலோவாட்டிலேயே மானியம் முடிந்துவிடுகிறது.

2 கிலோவாட்டுக்கு இப்போது ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை லட்சம் வரை சொல்கிறார்கள். ஒன்று நாற்பது என்று வைத்தால் 60,000 மானியம் போகக் கையை விட்டுப் போவது 80,000. வருடத்துக்குப் பதினெட்டாயிரத்துக்கு மேல் மிச்சமாகிறது, நாலரை வருடத்துக்குள் போட்டது வந்துவிடும். பேனல் 25 வருடம் உழைக்கிற பொருள், பேனல் தருகிற டிசி கரண்டை வீட்டுக்கு ஏற்ற ஏசி கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரை இடையில் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கலாம், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் ஏசி வாங்கப் போகிறோம், எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் எடுக்கப் போகிறோம் என்று திட்டம் இருந்தால் மட்டும் மகன் சொல்கிற 3.

எல்லோரும் கவனிக்க வேண்டிய ஒன்று, அந்த 500 யூனிட் கோடு. 500 யூனிட் ஓடினால் 1,805 ரூபாய். 510 ஓடினால் 2,124. வெறும் 10 யூனிட்டுக்கு 319 ரூபாய் கூடுதல்! 500ஐத் தாண்டிய உடனே 101 முதல் 200 வரைக்கும் இருந்த 2.35 ரூபாய் சலுகை போய்விடுகிறது, அதனால்தான். சோலார் முதலில் வெட்டுவது பில்லின் உச்சியில் இருக்கும் 9 ரூபாய், 8 ரூபாய் யூனிட்டுகளை. கீழே வர வர வெட்டுகிற யூனிட்டின் விலை குறைந்துகொண்டே போகும். அளவைத் தீர்மானிக்க வேண்டியது உங்கள் வெள்ளை அட்டையில் இருக்கும் ஒரு வருடக் கணக்கு. மானியத் தொகை அதைத் தீர்மானிக்கக் கூடாது.

கேள்வி: பீடி சுற்றிப் பிழைக்கிறோம். இரண்டு மாசத்துக்கு 170 யூனிட் ஓடும். மாதம் 300 யூனிட் இலவசக் கரண்ட், பேரைப் பதிய 2,000 ரூபாய் கொடுங்கள், போனுக்கு வருகிற நம்பரையும் சொல்லுங்கள் என்று ஒருவர் தெருவில் வீடு வீடாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?
*வாசகி, முக்கூடல்*

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. நம்பரைச் சொல்லவே சொல்லாதீர்கள். தெருவில் இருக்கிற மற்றவர்களிடமும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவர் சொல்வது மேலே சொன்ன பிஎம் சூர்ய கர் திட்டத்தைத்தான், அதன் இணையதளத்தில் பெயர் பதியக் கட்டணம் கிடையாது.

300 யூனிட் இலவசம் என்பதை யாரோ உங்களுக்குக் கரண்ட் தானமாகக் கொடுக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் காசு போட்டு மாட்டிய பேனல், வெயிலில் அவ்வளவு உற்பத்தி செய்யும் என்பதுதான் அதன் பொருள். உங்கள் 170 யூனிட்டில் 100 ஏற்கெனவே தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் இலவசம். மீதி 70க்கு நீங்கள் கட்டுவது 165 ரூபாய்க்குள். வருடம் முழுவதும் கணக்குப் போட்டாலும் ஆயிரம் ரூபாய் வராது. அதை மிச்சம்பிடிக்க ஒரு கிலோவாட் போட்டால், மானியம் போகவும் முப்பத்தைந்து நாற்பதாயிரம் கையிலிருந்து போகும். உங்கள் மாதிரி வீடுகளுக்கு இந்தத் திட்டம் பிரயோஜனம் இல்லை, கடன் வாங்கி நிச்சயம் போடாதீர்கள். 200 யூனிட்டுக்குக் கீழே ஓடுகிற எல்லா வீட்டுக்கும் இதுதான் என் பதில்.

கேள்வி: எங்கள் வீடு சிந்துபூந்துறையில். 2023 வெள்ளத்தில் கீழ் வீடு முழுக்கத் தண்ணீர். சோலார் இருந்தால் அந்த மாதிரி நாட்களில் கரண்ட் இருக்குமா? பாட்டரி வைத்தால் மானியம் கூடுமா?
*வாசகர், திருநெல்வேலி சந்திப்பு*

பதில்: மானியம் வாங்கிப் போடுகிற சாதாரண சோலார், தெருவில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும், பட்டப்பகலில் வெயில் கொளுத்தினாலும். இது பழுது அல்ல, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். லைன் ஆஃப் செய்துவிட்டுக் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற வாரிய ஊழியருக்கு உங்கள் மாடியிலிருந்து கரண்ட் பாய்ந்துவிடக் கூடாது அல்லவா. இதை முன்கூட்டியே சொல்லாமல் விற்கிறவர்கள் இருக்கிறார்கள், அதுதான் எனக்குக் கோபம். கரண்ட் இல்லாதபோதும் ஓட வேண்டுமென்றால் பாட்டரியோடும் சேர்ந்து வேலை செய்யும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பாட்டரியும் வேண்டும். பாட்டரிக்கு இந்தத் திட்டத்தில் தனி மானியம் கிடையாது, செலவு நன்றாக ஏறும். இரண்டு ஃபேன், நாலு விளக்கு, போன் சார்ஜ் என்ற தேவைக்கு வீட்டில் இருக்கிற பழைய இன்வெர்ட்டர் பாட்டரியே போதும்.

உங்கள் பகுதிக்கு இன்னொன்று முக்கியம். இன்வெர்ட்டரையும் அதோடு வரும் சுவிட்ச் பெட்டிகளையும் வேலை பார்க்கிறவர்கள் வயர் மிச்சமாகும் என்று கீழே தார்சாவில் மீட்டருக்குப் பக்கத்திலேயே மாட்டப் பார்ப்பார்கள். விடாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18ல் தாமிரபரணி எந்த உயரம் வரை வந்ததோ அந்தக் கறை இன்னும் சுவரில் இருந்தால் அதைக் காட்டுங்கள், அதற்கு மேலே, முடிந்தால் மாடிப்படி அறையில் மாட்டச் சொல்லுங்கள். மழையும் நேர் வெயிலும் படாத இடமாக இருக்க வேண்டும். தண்ணீர் உள்ளே வந்துவிட்டால் மெயினை அணைத்துவிட்டோம், பயமில்லை என்று நினைத்து அந்த வயர்களைத் தொட்டுவிடாதீர்கள். வெளிச்சம் இருக்கிற வரை பேனலிலிருந்து கீழே வரும் வயரில் மின்சாரம் இருக்கும், அதை மெயின் சுவிட்ச் நிறுத்தாது. மாடியிலேயே டிசி சுவிட்ச் ஒன்று வைக்கச் சொல்லுங்கள், அதை அணைக்க வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

கேள்வி: வீட்டைச் சுற்றித் தென்னை. தட்டட்டியில் தண்ணீர்த் தொட்டி வேறு. குரங்குத் தொல்லையும் உண்டு. வீடு வடக்குப் பார்த்தது, சோலார் வேலைக்கு ஆகுமா?
*வாசகி, சேரன்மகாதேவி*

பதில்: வீடு எந்தத் திசை பார்த்தாலும் கவலையில்லை, பேனல் எங்கே பார்க்கிறது என்பதுதான் கணக்கு. நம்ம ஊர் பூமத்திய ரேகைக்கு ரொம்பப் பக்கம், 8.7 பாகைதான். அதனால் தெற்குப் பார்த்து 10 பாகை சாய்த்தால் போதும். சித்திரை வைகாசியிலிருந்து ஆவணி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது, ஆகவே கிழக்கு மேற்காகச் சாய்த்துப் போட்டாலும் பெரிய நஷ்டம் வந்துவிடாது. வடநாட்டுக் கணக்கை வைத்துக்கொண்டு 25 பாகை சாய்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஆனி ஆடிக் காற்றில் அவ்வளவு தூக்கி நிற்கிற பேனல், தன்னைத் தாங்கும் கம்பியையே இழுக்கும்.

நிழல்தான் உங்கள் பிரச்சினை. பேனல்களை ஒன்றோடொன்று வரிசையாகக் கோத்திருப்பார்கள். வாய்க்காலில் ஒரு மடையில் சகதி அடைத்தால் கடைமடை வரை தண்ணீர் குறைகிற மாதிரி, ஒரு பேனலில் தென்னை ஓலையின் நிழல் விழுந்தாலும் அந்த வரிசையே சோர்ந்துவிடும். பேனலுக்குள் டையோடு என்ற சின்ன மின்பாகம் இருக்கிறது, ஓரளவு காப்பாற்றும், முழுதாக அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி, 12 மணி, மாலை 3 மணிக்கு மாடிக்குப் போய், நிழல் விழுகிற இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மார்கழியில் இன்னொரு தடவை போடுங்கள், அப்போது சூரியன் தெற்கே சரிந்திருக்கும். 6 அடி உயரத் தொட்டி மார்கழி நண்பகலில் வடக்கே கிட்டத்தட்ட 4 அடிக்கு நிழல் போடும், அதே தொட்டி ஆனியில் தெற்கே ஒன்றரை அடிதான் போடும். காலையிலும் மாலையிலும் இதைவிட நீளம். கோடுகளுக்கு வெளியே கிலோவாட்டுக்கு 100 சதுர அடி சுத்தமாகக் கிடைத்தால் தாராளமாகப் போடலாம். கிடைக்காவிட்டால் ஒவ்வொரு பேனலுக்கும் தனி மைக்ரோ இன்வெர்ட்டர் என்று ஒரு வழி இருக்கிறது, விலை கூடும். காய்க்கிற தென்னையை இதற்காக வெட்டாதீர்கள் அம்மா, அந்த மரம் தருவதைச் சோலார் தராது.

குரங்கு குதித்தால் பேனல் கண்ணாடி பெரும்பாலும் தாங்கிவிடும். வயரைத்தான் பிடுங்கும். அதனால் பேனலுக்குக் கீழே தொங்கவிடாமல் எல்லா வயரையும் குழாய்க்குள் விடச் சொல்லுங்கள். பேனலைக் கழுவ ஆற்றுத் தண்ணீர் வருகிற குழாய் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், போர்த் தண்ணீர் உப்பு படிந்து வெள்ளை வெள்ளையாகக் கறை பிடிக்கும். காலை வெயில் ஏறுமுன் கழுவுங்கள், சூடேறிய கண்ணாடியில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

கேள்வி: கங்கைகொண்டானில் சோலார் பேனல் தொழிற்சாலை வந்திருக்கிறதே, நேரே போய் வாங்கினால் மலிவா? வெளிநாட்டுப் பேனல் விலை குறைவு என்கிறார்களே?
*வாசகர், தாழையூத்து*

பதில்: டாடா பவரின் தொழிற்சாலை அது, கங்கைகொண்டான் சிப்காட்டில் 4.3 கிகாவாட் அளவுக்குச் சோலார் செல்களும் (பேனலுக்குள் கரண்ட் உண்டாக்கும் பாகம்) பேனல்களும் செய்கிறது. 2025 பிப்ரவரியில் முதலமைச்சர் ஸ்டாலின் திறந்து வைத்தார். வாசலில் போய் நின்று நாலு பேனல் வாங்க முடியாது தம்பி, பதிவு செய்த விற்பனையாளர் மூலமாகத்தான் வாங்க வேண்டும். ஆனால் நம்ம மாவட்டத்தில் செய்தது நம்ம மாடியில் ஏறினால் சந்தோஷம்தான்.

வெளிநாட்டுப் பேனல் விலை குறைவு என்பது உண்மை. ஆனால் மானியம் வேண்டுமென்றால் பேனலும் அதற்குள் இருக்கிற செல்களும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும், டிசிஆர் பேனல் என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியும். இந்த இடத்தில்தான் ஏமாற்று நடக்கிறது. மலிவான பேனலைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு மானியத்துக்கு எழுதினால் நிராகரிப்பு உங்கள் தலையில்தான் விழும். ஒவ்வொரு பேனலின் வரிசை எண்ணையும் மாட்டுவதற்கு முன்பே போட்டோ எடுத்து, பில்லில் அதே எண்கள் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பேனலுக்கு ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதம் ஆகியிருக்கிறது, பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். விலை கேட்கும்போது மானியம் கழித்த விலையைக் கேட்காதீர்கள், முழு விலையைக் கேட்டு மூன்று பேருடையதை ஒப்பிடுங்கள். எர்த் குழி எத்தனை என்றும் கேளுங்கள்: டிசிக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று, ஆக மூன்று. இரண்டு போதும் என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். ஐந்து வருடப் பராமரிப்பு அவர்கள் பொறுப்பு என்பது திட்டத்தின் நிபந்தனை, அதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: வீட்டிலேயே அப்பளம் போட்டு விற்கிறோம். கடை சர்வீஸுக்கு மானியம் உண்டா?
*வாசகி, கல்லிடைக்குறிச்சி*

பதில்: வணிக இணைப்புக்கு இந்த மானியம் இல்லை. வீட்டு மீட்டர் தனியாக இருந்தால் அதற்கு மட்டும் போடலாம். தொழில் வருமானத்துக்கு வரி கட்டுகிறவர்கள் சோலாருக்கு வருடம் 40 சதவீதம் தேய்மானம் கழித்துக்கொள்ள முடியும், உங்கள் ஆடிட்டரிடம் பேசிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட், மோட்டாருக்கு மட்டும் போட முடியுமா?
*வாசகர், மகாராஜநகர்*

பதில்: முடியும். பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் வீதம், ஒரு வீட்டுக்கு 3 கிலோவாட் கணக்கில் 500 கிலோவாட் வரை. சங்கத்தின் பெயரில் இணைப்பும் வங்கிக் கணக்கும் இருக்க வேண்டும்.

கேள்வி: மானூர் பக்கம் மூன்று ஏக்கர், கிணறு இருக்கிறது, கரண்ட் சர்வீஸ் இன்னும் வரவில்லை. சோலார் மோட்டாருக்கு மானியம் எங்கே கேட்க வேண்டும்?
*விவசாயி, மானூர் வட்டாரம்*

பதில்: அண்ணாச்சி, அது வேறு திட்டம், பிஎம் குசும். மின்வாரியத்துக்குப் போகாதீர்கள், வேளாண்மைப் பொறியியல் துறை உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேளுங்கள். 2025 நிலவரப்படி மத்திய அரசு 30, மாநில அரசு 30 ஆக 60 சதவீத மானியம். ஆதிதிராவிடர், பழங்குடியினச் சிறு குறு விவசாயிகளுக்கு அதற்கு மேலும் உண்டு. சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் குறுவட்டத்தில் நிலத்தடி நீர் எந்த வகையில் இருக்கிறது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள், அதைப் பொறுத்து அனுமதி மாறும். மோட்டார் எத்தனை எச்பி என்பதைக் கிணற்றின் கோடைக்கால நீர்மட்டத்தை வைத்து முடிவு செய்யுங்கள். பங்குனி சித்திரையில் தண்ணீர் எவ்வளவு கீழே போகிறது என்று உங்களுக்குத்தான் தெரியும், அதை அவர்களிடம் சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டு இணைப்பு காலமான எங்கள் அப்பா பெயரில் இருக்கிறது. அண்ணன் மும்பையில். அம்மாவும் நானும் இங்கே. 550 யூனிட் ஓடுகிறது. திட்டம் சீக்கிரம் முடியப் போகிறது, உடனே முன்பணம் கட்டுங்கள் என்று அவசரப்படுத்துகிறார்கள். கையில் மொத்தப் பணமும் இல்லை.
*வாசகி, வள்ளியூர்*

பதில்: பிஎம் சூர்ய கர் திட்டத்துக்கு 2026-27 நிதியாண்டு வரை ஒப்புதல் இருக்கிறது. ஆனால் அந்த முன்பணத்தை இன்றைக்குக் கட்டினாலும் உங்களுக்குப் பிரயோஜனமில்லை, ஏனென்றால் விண்ணப்பதாரர் பெயரும் மின் இணைப்பில் இருக்கிற பெயரும் மானியம் வரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்பா பெயரிலேயே பேனல் மாட்டிவிட்டால் மானியம் சிக்கிக்கொள்ளும். முதலில் பெயர் மாற்றம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது, அண்ணனுடைய ஆட்சேபணையின்மைக் கடிதம் இவற்றோடு அம்மா பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். வாரிசுச் சான்று இன்னும் வாங்கவில்லை என்றால் அதுதான் நாள் எடுக்கும், ஆகவே இந்த வாரமே தாலுகா வேலையைத் தொடங்குங்கள். அண்ணன் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்கு வரும்போது கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், தபாலில் அனுப்பி வாங்குங்கள். அதே நேரத்தில் அனுமதிக்கப்பட்ட மின்சுமை எத்தனை கிலோவாட் என்று பாருங்கள், நீங்கள் போடப்போகும் சோலார் அதற்குள் இருக்க வேண்டும், குறைவாக இருந்தால் கூட்டிக்கொள்ளுங்கள்.

பணத்துக்குப் பொதுத்துறை வங்கிகளில் கடன் இருக்கிறது. 3 கிலோவாட் வரைக்கும் 2 லட்சம் வரை ஈடு எதுவும் கேட்காமல் தருகிறார்கள், வட்டி, ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு (மற்ற வங்கிகளுக்கு அது கடன் தரும் வட்டி) அரை சதவீதம் கூட்டியது. நகை அடகு வைக்கிற வேலையே வேண்டாம். உங்கள் 550 யூனிட்டுக்கு 2 கிலோவாட் கச்சிதம். பெயர் மாறிய முதல் பில் கைக்கு வந்ததும் திட்டத்தின் தேசிய இணையதளத்தில் நீங்களே பதிவு செய்து, அதன் பிறகு விற்பனையாளரைத் தேடுங்கள், அதுவரை யாருக்கும் ஒரு ரூபாய் முன்பணம் கொடுக்க வேண்டாம்.